சொல்லேணி கண்ட கணிதப் புலவர்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுதல் நம் முன்னோர் மரபு. ஆயினும், எண்ணில் வல்லார் எழுத்தை நாடாமையும், எழுத்தில் வல்லார் எண்ணைக் கண்டு அஞ்சுதலும் உலகில் பெரும்பான்மையாகக் காணப்படும் இயல்பாகும். அவ்விரண்டையும் ஒருங்கே பயின்று, கணக்கின் கட்டுப்பாட்டை எழுத்துக்குள்ளும், எழுத்தின் இன்பத்தைக் கணக்குக்குள்ளும் புகுத்திய பெரியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன் என்பவர். இப்பெயரால் அவரை அறிந்தோர் சிலர். லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் அறிந்தோர் உலகெங்கும் உளர். அற்புத உலகில் ஆலிஸ் என்னும் சிறுமி கண்ட காட்சிகளைக் கதையாகப் புனைந்தவர் அவரே. அக்கதையின் பேரொளியில் மறைந்து கிடப்பது, ஆங்கிலச் சொற்களை எழுத்தெண்ணி வகுத்து அவர் அமைத்த விளையாட்டுகளின் அருமையாகும்.

டாட்சன் 1832-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள், செஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த டார்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிறித்தவ சமயகுரு. கணிதத்திலும் தொன்மொழிகளிலும் தேர்ந்தவர். பெற்றோர்க்கு மக்கள் பதினொருவர். அவருள் சார்லஸ் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். 1843-ஆம் ஆண்டில் அக்குடும்பம் யார்க்ஷயரிலுள்ள கிராப்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. உடன்பிறந்தார் பலராயிருந்த அவ்வீட்டில் அவர்களை மகிழ்விக்கும் பொறுப்பு மூத்த தமையனைச் சார்ந்தது. தோட்டத்தில் தள்ளுவண்டியைப் புகைவண்டியாகக் கொண்டு ஆடும் ஆட்டம் ஒன்றை அவர் வகுத்தார். அதற்கு நிலையங்களும் உண்டு, விதிகளும் உண்டு. பதின்மூன்று வயதிலேயே தம் கையெழுத்தில் இதழொன்று எழுதி, வீட்டார்க்குப் படிக்கக் கொடுத்தார். விதியோடு கூடிய விளையாட்டும், சிரிப்போடு கூடிய எழுத்தும் அவரிடம் இளமையிலேயே முளைவிட்டன.

இத்தகைய கூரிய அறிவினர்க்கு இயற்கை ஒரு குறையையும் வைத்திருந்தது. அவர் பேசப் புகும்பொழுது நா தடைப்படும்; சொல் தொண்டையளவில் வந்து வெளிப்படாது நிற்கும். திக்கிப் பேசும் அக்குறை அவர் உடன்பிறந்தார் பலர்க்கும் இருந்தது. இளமையில் உற்ற நோயால் வலச் செவியும் கேளாதாயிற்று. வீட்டினுள் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. ஏனெனில் அங்கு அன்பு இருந்தது. 1846-ஆம் ஆண்டில் ரக்பி என்னும் ஊரிலுள்ள பெரிய பள்ளியில் சேர்ந்து மூன்றாண்டு பயின்றபொழுதோ, பாடங்களில் பரிசுகள் பல பெற்றும், அவ்விடத்து வாழ்வு அவர்க்கு இனிதாயிருக்கவில்லை. பின்னாளில் எத்துணைப் பொருள் கொடுப்பினும் அம்மூன்றாண்டுகளை மீண்டும் வாழ உடன்படேன் என்னும் கருத்தினராகவே அவர் இருந்தார்.

1851-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் சர்ச்சுக் கல்லூரியில் வாழப் புகுந்தார். புகுந்த சில நாள்களுக்குள் அன்னையார் இறந்த செய்தி வந்தது. அத்துயரைத் தாங்கிக்கொண்டு கல்வியில் முனைந்த அவர், 1854-ஆம் ஆண்டில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டிலேயே அக்கல்லூரியில் கணித விரிவுரையாளரானார். 1881-ஆம் ஆண்டு வரை அப்பணியை ஆற்றினார். பணியினின்று நீங்கிய பின்னும், தம் இறுதிக்காலம் வரை, அக்கல்லூரியே அவர்க்கு இல்லமாக விளங்கிற்று.

நாத்தடையுடையார் ஒருவர்க்கு நாவினாலேயே ஆற்றவேண்டிய தொழில் வாய்த்ததை எண்ணிப் பாருங்கள்! நாள்தோறும் மாணவர்முன் நின்று விளக்கவேண்டும். சமயகுருவாயின் திருக்கோயிலில் மக்கள்முன் நின்று மறையோதவும் வேண்டும். 1861-ஆம் ஆண்டில் உதவிக் குருவாகும் சடங்கை அவர் ஏற்றார். ஆயினும் முழுமையான குருவாக ஒருகாலும் ஆகவில்லை. அதற்குரிய காரணங்களுள் நாத்தடையும் ஒன்று என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுவர். பேச்சுத் தடையை நீக்கும் பயிற்சியளித்து வந்த ஜேம்ஸ் ஹண்ட் என்பவரை நாடியும் அவர் பயின்றார். தடை சிறிது தளர்ந்தது, முற்றும் நீங்கவில்லை. எனினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. வகுப்புக்குச் செல்லுதலையும் விடவில்லை. பிற்காலத்தில் அழைத்த இடங்களில் அருளுரையாற்றவும் துணிந்தார்.

வாயில் தடைப்பட்ட சொல், அவர்தம் கையில் தடையின்றி ஓடியது. பேச்சில் ஒரு சொல் காற்றோடு கலந்து மறையும். தவறிய ஒலியைத் திரும்பப் பெற இயலாது. எழுத்திலோ, சொல்லைப் பிரிக்கலாம், கூட்டலாம், தலைகீழாக்கலாம், மாற்றி அடுக்கிப் புதுச்சொல் காணலாம். ஆங்கிலத்தில் உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாகவே நிற்றலின், ஓரெழுத்து மாறினும் சொல் வேறாகும் வாய்ப்பு மிகுதி. இருபத்தாறே எழுத்துகளைக் கொண்ட அம்மொழியைக் கணிதர் தம் கண்ணால் நோக்கினார். எண்களைக் கூட்டியும் கழித்தும் இடம் மாற்றியும் விடை காண்பதுபோல, எழுத்துகளையும் கையாண்டார்.

அவர் புனைபெயரே அதற்குச் சான்று. 1856-ஆம் ஆண்டில் ‘டிரெயின்’ என்னும் இதழுக்குச் செய்யுளொன்று அளித்தபொழுது, அவ்விதழாசிரியர் எட்மண்டு யேட்ஸ் புனைபெயரொன்று வேண்டினார். டாட்சன் நான்கு பெயர்களை எழுதி அனுப்பினார். சார்லஸ் லட்விட்ஜ் என்னும் தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துகள் பதினைந்து. அப்பதினைந்தையும் ஒன்றும் குறையாது, ஒன்றும் மிகாது மாற்றியடுக்கி, எட்கர் கத்வெல்லிஸ் என்றொரு பெயர் கண்டார். மற்றொன்றும் அவ்வாறே அமைந்தது. வேறொரு வழியும் கையாண்டார். சார்லஸ் என்பதன் இலத்தீன் வடிவம் கரோலஸ். லட்விட்ஜ் என்பதற்கு நேரான வடிவம் லுடோவிகஸ். இவற்றை முன்பின்னாக மாற்றி மீண்டும் ஆங்கிலமாக்க, லூயிஸ் கரோல் என்றாயிற்று. இதழாசிரியர் தேர்ந்தெடுத்தது இப்பெயரையே. தம் பெயருக்குள்ளிருந்தே உலகப் பெயரொன்றை அவர் அகழ்ந்தெடுத்தார்.

1862-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள், கல்லூரித் தலைவர் லிடெல் என்பவரின் மகளிர் மூவரோடும், நண்பர் ராபின்சன் டக்வொர்த் என்பவரோடும் அவர் படகேறி ஆற்றில் சென்றார். அவ்வழியில் சிறுமியர்க்குப் பொழுது போகக் கதையொன்றை அப்பொழுதே புனைந்து கூறினார். நடுமகள் ஆலிஸ் அதனை எழுதித் தருமாறு வேண்டினாள். தம் கையால் எழுதிப் படமும் வரைந்து, 1864-ஆம் ஆண்டில் அவளுக்கு அதனைப் பரிசளித்தார். அது விரிவுற்று, ஜான் டெனியல் வரைந்த ஓவியங்களோடு 1865-ஆம் ஆண்டில் அச்சேறியது. அச்சு நன்றாக அமையவில்லை என்று ஓவியர் குறைகூறவே, அச்சிட்ட படிகளைத் திரும்பப் பெற்று, தம் பொருளிழப்பையும் பாராது மறுபடி அச்சிடச் செய்தார். மீண்ட படிகள் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு அளிக்கப்பெற்றன. 1871-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கதையின் இரண்டாம் நூலின் இறுதியில் ஒரு செய்யுள் உண்டு. அதன் அடிகள் இருபத்தொன்று. ஒவ்வோர் அடியின் முதலெழுத்தையும் மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்தால், ஆலிஸின் முழுப்பெயர் தோன்றும். கதையை முடிக்குமிடத்தும் எழுத்தெண்ணி முடித்த கணக்கர் அவர்!

1877-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில், ஜூலியா, எத்தல் என்னும் அர்னால்டு குடும்பத்து இளம்பெண்கள் இருவர், செய்வதொன்றும் இன்மையால் சலிப்புற்றிருந்தனர். தங்கட்கு விளையாட்டொன்று வேண்டும் என அவர்கள் கேட்க, டாட்சன் புதியதொரு சொல் விளையாட்டை வகுத்தளித்தார். அதற்கு ‘டப்ளட்ஸ்’ என்று பின்னர்ப் பெயரிட்டார். இணைகள் என்பது அதன் பொருள். அது வளர்ந்து உலகில் பரவியபின் சொல்லேணி என்னும் பொருள்படும் பெயரால் வழங்கலாயிற்று. ஜூலியா பின்னாளில், ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு அன்னையானார்.

அவ்விளையாட்டின் விதிகள் எளியவை, ஆனால் தளராதவை. எழுத்தெண்ணிக்கையில் ஒத்த இரு சொற்கள் கொடுக்கப்பெறும். முதற்சொல்லில் ஒரு முறைக்கு ஓர் எழுத்தை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றுந்தோறும் பொருளுள்ள சொல்லே பிறக்கவேண்டும். எழுத்து இடம் பெயர்தல் கூடாது. மிகுதலும் குறைதலும் கூடாது. இவ்வாறு படிப்படியாகச் சென்று இரண்டாம் சொல்லை அடையவேண்டும். இடைப்படிகள் எத்துணைக் குறையுமோ அத்துணைச் சிறப்பு. தமிழில் இதனை ஒருவாறு காட்டின், கடலை மரமாக்குக என்பது வினாவாயின், கடல், மடல், மடம், மரம் என்பது விடையாகும்.

டாட்சன் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் பெயர்பெற்றது, தலையை வாலாக்குதல். தலையைக் குறிக்கும் ‘ஹெட்’ என்பது ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல். வாலைக் குறிக்கும் ‘டெயில்’ என்பதும் அத்தகையதே. முதற்சொல்லின் ஈற்றெழுத்தை மாற்ற, நோய் ஆறுதலைக் குறிக்கும் ‘ஹீல்’ பிறக்கும். அதன் முதலெழுத்தை மாற்ற, சிறு வாத்தினம் ஒன்றைக் குறிக்கும் ‘டீல்’ வரும். மூன்றாம் எழுத்தை மாற்ற, சொல்லுதல் என்னும் பொருளுடைய ‘டெல்’ தோன்றும். இரண்டாம் எழுத்தை மாற்ற, உயரமானது எனப் பொருள்படும் ‘டால்’ ஆகும். மீண்டும் மூன்றாம் எழுத்தை மாற்றின், ‘டெயில்’ வந்துவிடும். இடையில் நின்ற சொற்கள் நான்கே. ஏழையைச் செல்வனாக்குதல், கோதுமையை ரொட்டியாக்குதல், கண்ணீரைப் புன்முறுவலாக்குதல் என அவர் விடுத்த புதிர்கள் பல. வினாவிலேயே ஒரு நகைச்சுவை உண்டு. விடையிலோ நகைச்சுவைக்கு இடமில்லை. ஓரெழுத்துப் பிழைப்பினும் ஏணி முறிந்துவிடும்.

1879-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் ‘வேனிட்டி ஃபேர்’ என்னும் வார இதழ் இவ்விளையாட்டை வெளியிட்டுப் பரிசுகளும் வழங்கியது. போட்டியிட்டோர் பெருகினர், எச்சொல் வழக்கிலுள்ள சொல், எச்சொல் அன்று என்னும் வழக்காடலும் உடன் பெருகியது. அகராதியின் மூலைமுடுக்குகளில் கிடக்கும் அருஞ்சொற்களைக் கொண்டு ஏணி கட்டுதல் முறையன்று என்பது டாட்சனின் கருத்து. ஆதலின் மூன்றெழுத்து, நான்கெழுத்து, ஐந்தெழுத்து என எண்ணிக்கை முறையால் வகுத்து, யாவரும் அறிந்த ஆங்கிலச் சொற்களின் பட்டியலொன்றைத் தாமே தொகுத்தார். விளையாட்டுக்காக இத்துணை உழைப்போ என்று வியப்போர் உண்டு. நடுநிலையோடு நடவாத விளையாட்டு விளையாட்டன்று என்பதை அவர் அறிந்திருந்தார். யூக்ளிட் என்னும் கிரேக்கக் கணிதரின் வடிவியல் முறையே மாணவர்க்கு ஏற்றது என நிறுவும் நூலொன்றையும் அவர் அதே 1879-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரண்டு நூல்களும் ஒரே உள்ளத்தின் இரு பக்கங்கள். முதற்படியிலிருந்து அடுத்த படிக்கு ஐயமறச் செல்லுதலே வடிவியலுக்கும் சொல்லேணிக்கும் பொதுவாய முறை.

குறித்த சில எழுத்துகளைத் தன்னுள் கொண்ட சொல்லைத் தேடும் ஆட்டம் ஒன்றையும் 1881-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அதன் பெயர் ‘மிஷ்மாஷ்’. ஒருவர் இரண்டோ பலவோ எழுத்துகளைக் கூறுவார். அவை அதே வரிசையில், இடையீடின்றி, அமைந்த சொல்லொன்றை எதிராளி காணவேண்டும். ‘ஜி, பி’ என்னும் இரண்டும் அடுத்தடுத்து வரும் சொல் யாதெனின், ‘மாக்பை’ என்னும் பறவைப் பெயர். ‘இ, எம், ஓ’ என்பன சேர்ந்து நிற்பது, எலுமிச்சையைக் குறிக்கும் ‘லெமன்’ என்னும் சொல்லில். எளிய சொற்களே விடை. ஆயினும் நடுவிலுள்ள எழுத்தைக் கொண்டு முழுச்சொல்லைக் காண முயலும்பொழுது, நாள்தோறும் வழங்கும் சொல்லும் நமக்கு முகம் மறைக்கின்றது. எழுத்துகளைச் சதுரங்கப் பலகையில் நகர்த்திச் சொல்லாக்கும் ஆட்டம் ஒன்று அமைக்கலாமே என்னும் எண்ணத்தையும் 1880-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பலகையில் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டங்கள் பரவியது அதற்கு நெடுநாள் கழித்தே.

நோயாளர்க்குத் தொண்டாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரிலுள்ள எழுத்துகள் பத்தொன்பது. அப்பத்தொன்பதையும் மாற்றியடுக்கி, ஆறுதல் அளிக்கும் தேவதையே, பறந்து செல்க என்னும் கருத்தமைந்த தொடரொன்றை டாட்சன் கண்டார். வெறும் எழுத்துமாற்றம் ஒருவர்தம் வாழ்க்கைப் பொருளையே காட்டும் வாழ்த்தாக மாறியது.

இரவில் உறக்கம் வாராது கிடக்கும் வேளைகளில் வேண்டாத எண்ணங்கள் உள்ளத்தை வருத்தும். அவற்றை ஓட்டுதற்கு அவர் கைக்கொண்ட மருந்தும் கணக்கே. எழுதுகோலும் தாளும் இன்றி, இருளில் படுத்தவாறே கணக்குகளை மனத்துள் அமைத்துத் தீர்ப்பார். அத்தகைய கணக்குகள் எழுபத்திரண்டைத் தொகுத்து 1893-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நள்ளிரவில் தோன்றும் கருத்தைக் குறித்துவைக்க, எழுந்து விளக்கேற்றுதல் தொல்லையாயிருந்தது. ஆகவே 1891-ஆம் ஆண்டில் புதிய கருவியொன்றைச் செய்தார். அட்டையில் இரு வரிசையாகப் பதினாறு சதுரத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் புள்ளியும் கோடுமாக ஓர் எழுத்தைக் குறிக்கலாம். இருளில் எழுதுதற்கென்றே அவர் படைத்த எழுத்துமுறை அது.

ஒழுங்கு அவர்தம் உயிர்மூச்சு. தாம் எழுதிய கடிதங்களையும் தமக்கு வந்த கடிதங்களையும் 1861-ஆம் ஆண்டு முதல் ஏட்டில் எண்ணிட்டுப் பதிந்துவந்தார். அவ்வேட்டின் இறுதி எண் 98,721. குழந்தைகட்கு அவர் எழுதிய கடிதங்கள் புதிர்களும் வேடிக்கைகளும் நிறைந்தவை. சில கண்ணாடியில் காட்டிப் படிக்க வேண்டியவை. முதுமையில் ஆக்ஸ்போர்டு மகளிர் பள்ளிக்குச் சென்று மாணவியர்க்கு அளவைநூல் கற்பித்தார். பிழைபட்ட வாதத்தைக் கண்டறியும் ஆற்றல் இளையோர்க்கு எல்லாம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நூற் பயிற்சிக்கும் பலகையும் காய்களும் கொண்ட ஆட்டமொன்றை அமைத்திருந்தார்.

1898-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், கில்ட்ஃபோர்டு நகரில், தம் சகோதரியர்க்கென அவர் அமர்த்தியிருந்த இல்லத்தில், சளிக்காய்ச்சல் நுரையீரல் அழற்சியாக முற்றியமையால் அவர் இயற்கை எய்தினார். இன்னும் இரு வாரம் வாழ்ந்திருப்பின் அகவை அறுபத்தாறு நிரம்பியிருக்கும். அந்நகரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. 1982-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரத்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், கவிஞர்க்குரிய பகுதியில் அவர்க்கு நினைவுக்கல் பதிக்கப்பெற்றது.

அவர் இட்ட வித்து இன்றும் தளிர்க்கின்றது. அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு கனூத், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் 5,757-ஐத் தொகுத்து, ஓரெழுத்து மாற்றத்தால் எவையெவை தம்முள் இணையும் என ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டு நூலில் வெளியிட்டார். 671 சொற்கள் வேறு எச்சொல்லோடும் இணையாது தனித்து நின்றன. விலகி நிற்றல் எனப் பொருள்படும் ‘அலூஃப்’ என்னும் சொல்லே அவற்றுள் ஒன்றாயிருப்பது வியப்பாகும். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்து, மறைந்துநிற்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் காணச்செய்யும் ‘வேர்டில்’ என்னும் ஆட்டத்தைப் பன்னாட்டு மக்களும் நாள்தோறும் ஆடலாயினர். எழுத்தை எண்ணிச் சொல்லை ஆராயும் இன்பம் ஒரு நூற்றாண்டு கடந்தும் குன்றவில்லை.

டாட்சனின் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? நாத்தடை அவரை விட்டு நீங்கவில்லை. அவரும் அதற்கு அடிமையாகவில்லை. ஒரு வாயில் ஒடுங்கியதாயின், மற்றொரு வாயிலைத் தாமே அமைத்துக்கொண்டார். விளையாட்டிலும் விதியைப் போற்றினார். விதிக்குள் நின்றே உவகை கண்டார். கண்ட உவகையைக் குழந்தைகளோடு பகிர்ந்துகொண்டார். தலைக்கும் வாலுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒரே தாவலில் கடத்தல் இயலாது. ஓரெழுத்தை மாற்றி, அதன்மேல் ஊன்றி நின்று, பின்னரே அடுத்ததை மாற்றுதல் வேண்டும். கல்வியும் அத்தகையதே. ஒவ்வொரு படியும் பொருளுடையதாயின், ஏறுவோர் இலக்கை அடைவது உறுதி.